மாத்தல் வந்த வாரம்

அந்த வீட்டில் எந்தத் துணியும் பிறந்த உருவத்தில் இருந்ததில்லை. ஜன்னல் திரை ஒரு காலத்தில் மூத்தவளின் கவுன். சாப்பாட்டு மேசையில் விரித்திருப்பது ஆறு சட்டைகளின் முதுகு. தலையணை உறைகளில் சிலவற்றுக்கு இன்னும் சட்டைப் பை இருந்தது. மூக்குக் கண்ணாடியை அதற்குள் போட்டுவிட்டுத் தூங்கலாம் என்று வந்தவர்களிடம் மூத்தவள் சொல்வாள். வாசல் கால்மிதி, இளையவளின் கணவன் கல்யாணத்துக்கு முன் போட்டுத் திரிந்த கால்சட்டை. அதைக் கிழித்துப் பின்னிப் போட்ட அன்று மிதிக்க மாட்டேன் என்று தாண்டித் தாண்டிப் போனான். மூன்றாம் நாள் மறந்து மிதித்தான்.

வாசலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. 'பழைய துணி மாற்றித் தரப்படும்.' அதனால் தெருவில் அவர்களுக்கு மாத்தல்காரங்க என்று பெயர். இடுப்பு பெருத்தவர்களும் இளைத்தவர்களும், அண்ணனின் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட வேண்டியவர்களும், கிழிந்த படுக்கை விரிப்பைத் தூக்கிப் போட மனசு வராதவர்களும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். வருகிற துணியெல்லாம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பெரிய பைக்குள் போகும். அதற்கு மாத்தல் பை என்று பேர். மாத்தல் வந்திருக்கு என்றால் பையில் போட ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று அர்த்தம். பதினாலு வருஷமாக அந்த வீட்டுக்குள் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை.

இருவரும் ஓரகத்திகள்; அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டவர்கள். மூத்தவளின் கணவன் கப்பலில் சமையல்காரன். வருஷத்தில் ஒரு மாதம் வீட்டில் இருப்பான்; அந்த ஒரு மாதமும் உப்பு சரியில்லை, கத்தி சரியில்லை என்று அடுப்படியைச் சுற்றி வருவான். மகள்கள் இரண்டு பேரும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். இளையவளின் கணவன் ஊருக்குத் தண்ணீர் ஏற்றும் நிலையத்தில் மோட்டார் பார்ப்பவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி மூத்தவள் ஒருநாளும் கேட்டதில்லை. வாடிக்கைக்காரிகள் யாராவது வாயைத் திறந்தால், "அளவு எடுக்க வந்தியா, குடுக்க வந்தியா?" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுவாள்.

மூத்தவள் வெட்டுவாள், இளையவள் தைப்பாள். யாரும் உட்கார்ந்து பேசி வகுத்ததில்லை. மூத்தவள் மெஷினில் உட்கார்ந்தால் தையல் வளைந்து வளைந்து ஓடும். இளையவளுக்குக் கத்தரியைக் கண்டால் பயம். முழுத் துணி எதுவாக வேண்டுமானாலும் ஆகலாம், கத்தரி பட்டபிறகு ஏதோ ஒன்றாகத்தான் ஆக வேண்டும் என்ற நினைப்பு அவள் கையைப் பிடித்துக்கொள்ளும். மூத்தவளுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஒரு பழைய கோட்டை மேசையில் போட்டு ரெண்டு தடவை சுற்றிவருவாள். "நீ பையி. நீ கால்மிதி. உன்ன நாளைக்குப் பாக்குறேன்" என்று துணியிடமே சொல்லிவிட்டு வெட்ட ஆரம்பிப்பாள். அவள் வெட்டினால் வெட்டியதுதான். இளையவள் கேள்வி கேட்க மாட்டாள். கேட்க வேண்டி வந்ததும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இளையவளின் கணவன் நனைந்த சட்டைக்குள் ஒரு காகிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு வந்தான். அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான்.

"மாத்திட்டாங்க. ரயில்ல ஆறு மணி நேரம். மாசக் கடைசிக்குள்ள போய்ச் சேரணும்."

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். முத்திரைதான் கண்ணில் பட்டது.

"வீடு குடுக்குறாங்க" என்றான் அவன். "ரெண்டு ரூமு. தனிச் சமையல்கட்டு. நிலையத்துக்குப் பின்னாடியே. ஜன்னலத் திறந்தா தண்ணித் தொட்டி தெரியுமாம், அதத் தவிர ஒண்ணும் இல்லயாம்."

ஒன்றும் இல்லை என்ற அந்த இடத்தில்தான் அவளுக்குள் ஏதோ துள்ளியது. சத்தம் வெளியே கேட்டுவிட்டதோ என்று கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் மூத்தவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ வரலன்னாலும் பரவால்ல" என்றான் கணவன். "யோசிச்சுத்தான் சொல்றேன். அண்ணன் கப்பல்ல இல்லயா, அதே மாதிரி நான் மட்டும் போய் இருந்துக்கறேன். மாசத்துக்கு ஒருதரம் வர்றேன். அண்ணி தனியா என்ன பண்ணுவாங்க? அந்த மெஷின யாரு மிதிப்பா?"

"யோசிக்கலாம்."

"எதுவா இருந்தாலும் அவங்ககிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா அழுகையாயிடும்."

"அவங்க அழுவாங்களா?"

"நான்."

அவன் சொன்னது விளையாட்டில்லை. அண்ணி கட்டிக்கொண்டு வந்தபோது அவனுக்கு வயது பதினொன்று.

மாத்தலைச் சொல்வது அவளுக்குப் பெரிய விஷயமில்லை. அது யாரோ எங்கேயோ போட்ட கையெழுத்து. போகலாம் என்றதும் உள்ளே துள்ளியதே, அதை மூத்தவளின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? போகாமல் இருக்கவும் வழி இருந்தது, கணவனே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டான். அப்படியும் போகிறேன் என்றால் தானாகப் போகிறேன் என்றுதானே ஆகும். தனக்கு ஒரு குறையும் வைக்காத ஒருத்தியை விட்டுப் போக ஆசைப்படுகிறவளுக்கு என்ன பேர் என்று அவள் யோசித்துப் பார்த்தாள். நல்ல பேராக ஒன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை மூத்தவள் ஒரு கம்பளிக் கோட்டின் உள்துணியைப் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் நாலு குண்டூசி. இளையவள் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். பல் தேய்க்கும்போதே நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து, இருப்பதிலேயே சின்னதாக இருந்த வாக்கியத்தை எடுத்து வைத்திருந்தாள்.

"அக்கா, மாத்தல் வந்திருக்கு."

மூத்தவள் குண்டூசியை எடுக்காமலே பேசினாள். "வரட்டும். அதுக்கு ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க? பையில போடு."

இளையவள் டீ டம்ளரை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"பெரிசா?"

"பெரிசுதான்."

"என்ன, கோட்டா?"

"அதெல்லாம் இல்ல. முழுசாவே மாத்தணும்."

"எப்பக் கேட்டிருக்காங்க?"

"மாசக் கடைசிக்குள்ள."

"அவ்ளோ நாள் கிடக்கு. நிதானமா பாக்கலாம். யாரு, தெரிஞ்சவங்களா?"

"தெரிஞ்சவங்கதான்."

"தெரிஞ்சவங்கன்னா தலைமேல ஏறி உக்காருவாங்க. கழுத்து இறக்கம், கை ஏத்தம்னு மூணுதரம் வருவாங்க. டீ ஆறுது பாரு, நீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

அது ஒன்றுதான் பொய். மற்ற எல்லாம் உண்மை. அடுப்படிக்குத் திரும்பி வந்து, கை துடைக்கும் துணியைக் காரணமில்லாமல் மடித்தாள். ஒரு பொய்யும் சொல்லாமல் இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. உடனே போய், அந்த மாத்தல் இல்லக்கா, என்று சொல்லியிருக்கலாம். ரெண்டு எட்டு வைக்க வேண்டும், அவ்வளவுதான். வெங்காயக் கூடையை ஒதுக்கினாள். தண்ணீர்க் குடத்தை மூடினாள். அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"சொல்லிட்டியா?" என்று சாயங்காலம் கணவன் கேட்டான்.

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"நிதானமா பாக்கலாம்னாங்க."

அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். "அண்ணி மனசு யாருக்கு வரும்? அதான் எனக்கு இன்னைக்கு ரெண்டு முட்டை வச்சிருக்காங்க." அதன்பிறகு அண்ணியைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு, தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனான். "உன் புருஷனுக்கு உடம்பு சரியில்லயா?" என்று மூத்தவள் கேட்டாள்.

காலையில் கதவைத் தட்டியவர் நாடகக்காரர். தபால் ஆபீசில் வேலை. வருஷத்துக்கு ஒரு நாடகம் போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. மூடிப்போன சினிமா கொட்டகையிலிருந்து ரெண்டு வெல்வெட் திரைகளைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். பழுத்த திராட்சை நிறம். இருபது வருஷத்துச் சிகரெட் புகையும் எலிப் புழுக்கையும் அதில் இருந்தன. ஒரு ராஜாவுக்கு அங்கி வேண்டும், மந்திரிக்கு மேல்சட்டை, மிச்சத்தில் சிம்மாசனத்துக்கு உறை. பத்து நாளில், செவ்வாய்க்கிழமை நாடகம்.

"ராஜா யாரு?" என்று மூத்தவள் கேட்டாள்.

"ரொட்டிக்கடைக்காரர்."

மூத்தவள் திரையின் அகலத்தைக் கையால் அளந்தாள். "அப்ப மந்திரிக்குக் கை இல்லாத சட்டதான்."

தூறல் நிற்காத வாரம் அது. ரெண்டு பேரும் திரைகளை முற்றத்தில் தொட்டித் தண்ணீரில் போட்டு மிதித்தார்கள். தண்ணீர் முதலில் கறுப்பாகவும் பிறகு டீ நிறத்திலும் போயிற்று. ஈர வெல்வெட்டைத் தூக்குவது மயங்கி விழுந்த ஆளைத் தூக்குவது போல. ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கி, நடு அறையில் கயிறு கட்டிப் போட்டு, கீழே மின்விசிறியைத் திருப்பி வைத்தார்கள். மூன்று நாள் அந்த வீட்டில் திரைக்குள் நுழைந்துதான் எங்கேயும் போக வேண்டியிருந்தது. மூத்தவள் திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினாள், இளையவள் இந்தப் பக்கமிருந்து பதில் சொன்னாள். முகம் தெரியாமல் பேசுவது அந்த மூன்று நாளும் இளையவளுக்கு வசதியாக இருந்தது.

அந்த நாட்களில் மூத்தவள் அடிக்கடி மாத்தல் பையைக் கிளறினாள். என்ன தேடுகிறாள் என்று இளையவள் கேட்கவில்லை. பையைத் திறக்கிற சத்தம் கேட்டால் மெஷினை இன்னும் வேகமாக மிதித்தாள்.

செவ்வாய்க்கிழமை வெல்வெட் காய்ந்தது. மூத்தவள் தரையில் விரித்து, சாக்குக்கட்டியால் கோடு போட்டு, மதியத்துக்குள் வெட்டி முடித்தாள். ராஜாவின் அங்கிக்கு முன்பக்கம் ரெண்டு, பின்பக்கம் ஒன்று, கை ரெண்டு. சாப்பிட்டு முடித்ததும் இளையவள் துண்டுகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள்.

வெல்வெட்டுக்கு ஒரு குணம் உண்டு. மேலிருந்து கீழே தடவினால் பூனை முதுகு போலப் படியும். கீழிருந்து மேலே தடவினால் சிலிர்த்துக்கொள்ளும். படிந்த பக்கம் வெளிச்சத்தில் ஒரு நிறம், சிலிர்த்த பக்கம் வேறு நிறம். அதனால் எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். வெல்வெட் வெட்டுகிறவர்கள் முதலில் படிக்கிற பாடமே அதுதான்.

இளையவள் வலது முன்பக்கத்தைத் தடவினாள். படிந்தது. இடது முன்பக்கத்தைத் தடவினாள். உள்ளங்கையில் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

மறுபடி தடவினாள். கையை மாற்றித் தடவினாள். தலைகீழ். மூத்தவள் தலைகீழாக வெட்டியிருந்தாள்.

மூத்தவள் அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். மேகம் மூடிய வெளிச்சத்தில் ரெண்டு துண்டும் ஒரே நிறமாகத்தான் தெரிந்தன. கைக்கு மட்டும்தான் தெரிந்தது. இப்போதே சொன்னால் மிச்சமிருக்கிற துணியில் ஏதாவது செய்யலாம். சொன்னால் மூத்தவள் வருவாள், தடவிப் பார்ப்பாள், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவாள். எனக்கு வயசாயிடுச்சு போலடி என்பாள். அதைக் கேட்டபிறகு எப்படிப் போக முடியும்?

அப்படித்தான் அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. தவறே செய்யாதவள் ஒரு தவறு செய்திருக்கிறாள் என்பதில் ஒரு சின்ன நிம்மதி. நான் மட்டும் இல்லை என்கிற மாதிரி.

காலை மிதியில் வைத்தாள். தலைகீழான துண்டைத் தன் வாழ்நாளிலேயே மிக நேரான தையலில் தைத்து முடித்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம், ஒரு வாரத்துக்குப் பிறகு வெயில் அடித்தது. அந்த நேரம் பார்த்து நாடகக்காரர் ராஜாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரொட்டிக்கடைக்காரர் கையிடுக்கில் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தார். மூத்தவளிடம் கொடுத்து, "சூடு இருக்கு. முதல்ல அதச் சாப்பிடுங்க, அப்புறம் என்னப் பாருங்க" என்றார். அங்கியை மாட்டிக்கொண்டு கையை விரித்தார். தோள் உட்கார்ந்தது, இடுப்பு சுற்றி வந்தது. "மூச்சு விடலாமா?" என்றார்.

"விடுங்க. அதுக்கும் சேத்துத்தான் வெட்டியிருக்கு" என்றாள் மூத்தவள்.

"கொஞ்சம் ஜன்னல் பக்கம் வாங்க" என்றார் நாடகக்காரர்.

ராஜா ஜன்னல் பக்கம் போய்த் திரும்பினார். வலது பாதி வெளிறிய திராட்சை. இடது பாதி ஏறக்குறைய கறுப்பு. நடுவில் கோடு போட்டது போல இருந்தது. ராஜா குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"நான் பாதி ராஜாவா?" என்றார். "மிச்சப் பாதி யாரு?"

"ரெண்டு ராஜாவா வேணாலும் நடிக்கலாம்" என்றார் நாடகக்காரர். சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "செவ்வாய்க்கிழமை நாடகம்மா."

மூத்தவள் கிட்டே போய் இடது பக்கத்தை ஒரே ஒரு தடவை தடவினாள். கை பாதியில் நின்றது. திரும்பி இளையவளைப் பார்த்தாள். வந்தவர்களைப் பார்த்து, "சரி பண்ணிடலாம். ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்குங்க" என்றாள். ராஜா அங்கியைக் கழற்றும்போது கை மாட்டிக்கொண்டது. மூத்தவள்தான் இழுத்து விட்டாள்.

அவர்கள் போனதும் ரெண்டு பேரும் அங்கியை மேசைமேல் போட்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பிளேடு. மூத்தவள் தோளிலிருந்து பிரித்தாள், இளையவள் அடியிலிருந்து.

"கை வச்சப்பவே தெரிஞ்சிருக்குமே உனக்கு."

"தெரிஞ்சுதுக்கா."

"தெரிஞ்சும் தைச்ச."

"நீங்க வெட்டினதாச்சே."

"நான் வெட்டினா? நான் உன் விரல வெட்டினாலும் கம்முனு தைச்சு வச்சுப்பியா?"

மூத்தவள் ஒரு நீள நூலை உருவி எடுத்து மேசை விளிம்பில் ஒட்டினாள். ஏற்கனவே அங்கே ஏழெட்டு நூல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சனிக்கிழமை ஒரு மாத்தல் வந்துதுன்னு சொன்னியே" என்றாள். குரலில் கோபம் இல்லை. "அன்னைக்குச் சாயங்காலம் பையில பாத்தேன். புதுசா ஒண்ணும் இல்ல. சரி, எடுத்து வேற எங்கயாவது வச்சிருப்பன்னு ஞாயித்துக்கிழமை பாத்தேன். திங்கக்கிழமை பையத் தலைகீழாக் கொட்டிப் பாத்தேன்டி. அந்தக் கணக்குப்பிள்ள கால்சட்டை இருக்கு, நர்ஸம்மா கவுன் இருக்கு, ஒத்தக் கை ஸ்வெட்டர் இருக்கு. முழுசா மாத்தற மாதிரி பெரிசா ஒண்ணும் இல்ல."

இளையவளின் பிளேடு நின்றுவிட்டது.

"செவ்வாக்கிழமை வலது பக்கத்த வெட்டி முடிச்சிட்டேன். இடது பக்கம் போடலாம்னு துணியத் திருப்பறேன். அப்பத்தான் மண்டையில ஏறுச்சு. முழுசா மாத்தணும். மாசக் கடைசி. தெரிஞ்சவங்க. தம்பி எதுக்குத் தட்டக் கழுவி வைக்கிறான்? திருப்பின துணிய நேர வைக்கணும்னு தோணல. கத்தரி பாட்டுக்குப் போச்சு. நான் எங்கயோ போயிட்டேன்."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேக்கா."

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ மெஷின மிதிக்கிற. பைய நான் தொறந்தா இன்னும் பலமா மிதிக்கிற. மெஷின்ல தீப் பிடிச்சிடும்போல இருந்துது."

இளையவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ரெண்டுக்கும் சேர்த்து மூக்கை உறிஞ்சினாள். மூத்தவள் ரொட்டியைப் பிய்த்து ஒரு துண்டை அவள் பக்கம் தள்ளினாள். சூடு ஆறியிருந்தது.

"அவரு மட்டும் போறேன்னு சொல்றாரு" என்றாள் இளையவள். "என்னை இங்கயே இருக்கச் சொல்றாரு. உங்களுக்குத் துணையா."

மூத்தவளின் கை சட்டென்று நின்றதை இளையவள் பார்த்தாள். அந்தக் கையில் ஒரு ஆசை வந்து உட்கார்ந்ததையும் பார்த்தாள். இதற்குத்தான் அவள் பயந்திருந்தாள். இந்த இடத்தில் ஒரு சொல்லும் பேசாமல் ரொட்டியை மென்றுகொண்டிருந்தால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். மாதம் ஒரு தடவை கணவன் வருவான். கப்பல்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான். ரெண்டு பேரும் பிரித்துத் தைத்துக்கொண்டு இருப்பார்கள்.

"அப்படியா சொல்றான்?" என்றாள் மூத்தவள் மெதுவாக. "நீ என்ன சொல்ற?"

இளையவள் தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைக்கும்போது, இதையும் சின்ன வாக்கியமாகச் சொல்லிவிடக் கூடாது என்று தோன்றியது.

"நான் போறேன்க்கா. அவருக்காக இல்ல. எனக்குப் போகணும்னு இருக்கு. அவரு அந்தக் காகிதத்தக் காட்டினப்பவே எனக்குச் சந்தோஷமா இருந்துது. உங்ககிட்ட அதத்தான் சொல்ல முடியல."

வெளியே எவனோ சைக்கிளில் மணியடித்துக்கொண்டு போனான். மூத்தவள் தோள் தையலில் பிளேடை மறுபடி வைத்தாள்.

"இங்க என்னடி குறை?"

"ஒண்ணும் இல்ல. குறை இருந்திருந்தா அன்னைக்கே சொல்லிருப்பேன்."

"அப்ப எதுக்கு?"

"தெரியல. அங்க ஒண்ணும் இருக்காதாம். தண்ணித் தொட்டிதான் இருக்குமாம். அங்க போயி உக்காந்து, அடுத்து என்னன்னு நானே பாக்கணும். சரியா வருதோ, கோணலாப் போகுதோ. நீங்க வெட்டிக் குடுத்தா எனக்கு ஒரு பயமும் இல்லக்கா. அதான். பயமே இல்லாம இருக்கேன்."

சொல்லி முடித்தபிறகு, தான் சொன்னது நன்றி மாதிரியும் குற்றச்சாட்டு மாதிரியும் அவள் காதிலேயே விழுந்தது. மூத்தவளுக்கு எது கேட்டதோ, தெரியவில்லை. அவள் கண்ணாடியைக் கழற்றி, மடியில் கிடந்த வெல்வெட்டால் துடைத்தாள். ரோமம் ஒட்டி இன்னும் மங்கியது. மறுபடி துடைத்தாள்.

"அவன் உன்ன இழுத்துட்டுப் போறான்னா நான் ஒரு ஆட்டம் ஆடிருப்பேன்" என்றாள். "ரெண்டு நாளா என்னென்ன பேசணும்னு ஒத்திகையே பாத்து வச்சிருந்தேன். அந்த நாடகக்காரன் கேட்டா வேஷமே குடுப்பான். இப்ப எல்லாம் வீணாப் போச்சு."

"அதையும் பேசிடுங்க."

"போடி."

கொஞ்சம் பிரித்தாள்.

"எனக்கும் இருந்துது" என்றாள். "கட்டிக்கிட்டு வந்த புதுசுல. எங்கயாவது போயிடணும்னு. கப்பல்காரனக் கட்டிக்கிட்டு எங்க போறது, தண்ணிக்குள்ளயா?" தானே சிரித்தாள். சிரிப்பு நீளவில்லை. "நான் அழ மாட்டேன்னு நினைச்சுக்காத. ரயில் அன்னைக்கு ஒரு தொட்டி நிறைய அழுவேன். உன் புருஷன் மோட்டார் வச்சு ஏத்தணும். ஆனா அதுக்காக நீ இருக்காத. நீ அதுக்காக இருந்தா எனக்குத் தெரிஞ்சிடும். தெரிஞ்சா ஒருநாள் இல்ல ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிடுவேன், எனக்குப் பொறுமை கிடையாது."

இடது முன்பக்கம் கழன்று வந்தது. மூத்தவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பினாள். மேலே குறுகி, கீழே விரிந்த துண்டு. திருப்பிப் போட்டால் ராஜாவின் கழுத்து முழங்காலுக்கு வந்துவிடும். மிச்சத் துணியில் முழுத் துண்டு இல்லை. சிம்மாசன உறைக்கு வைத்திருந்த பட்டைகள்தான் இருந்தன. ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து அடுக்கினாள். இந்த முறை இளையவளும் கூடவே தடவினாள். "படியுது." "படியுது." "இது சிலிர்க்குது, தள்ளி வைங்க." நாலு பட்டையை ஒட்டுப் போட்டால் ஒரு முன்பக்கம் தேறியது. ஒட்டுத் தெரியாமலிருக்க, கலைந்துபோன பேண்டு வாத்தியக் கோஷ்டியின் சீருடைகளிலிருந்து பிரித்து வைத்திருந்த தங்கக் கயிற்றை மேலே வைத்துத் தையல் ஓட்டினார்கள். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் நொண்டியடிக்கும் என்று வலது பக்கமும் அதேபோல ஓட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்த ரொட்டிக்கடைக்காரர் கண்ணாடி முன்னால் நின்று, "போன ராஜாவ விட இவனுக்குச் சொத்து அதிகம்" என்றார். சிம்மாசனத்துக்கு உறை கிடையாது, நாற்காலியைத் துடைத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று மூத்தவள் சொல்லிவிட்டாள்.

திங்கள்கிழமை காலை நர்ஸம்மா வந்தாள். தன் கவுனை வாங்கிக்கொண்டு, கையோடு ஒரு மூட்டையையும் இறக்கினாள். மகளின் சின்ன வயசுத் துணிகள் எல்லாம் அதில் இருந்தன. எல்லாவற்றையும் வெட்டி ஒட்டு ஒட்டாகச் சேர்த்து ஒரு பெரிய போர்வை வேண்டும். மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, நாலு மாதம் இருக்கிறது, அவசரமே இல்லை.

மூத்தவள் மூட்டையை அவிழ்த்து ஒரு குட்டிச் சட்டையை விரித்துப் பார்த்தாள். இளையவள் மெஷினில் இருந்தாள். காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"வெட்டி அடுக்கி வச்சிடறேன்" என்றாள் மூத்தவள். "தைக்கிறதுக்கு வேற ஆளு பாக்கணும். என் ஓரகத்தி ஊருக்குப் போறா."

"அப்படியா? எத்தன நாளைக்கு?" என்றாள் நர்ஸம்மா.

மூத்தவள் குட்டிச் சட்டையை மடித்தாள். "அவளையே கேளு."

நர்ஸம்மா திரும்பினாள். இளையவள் எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தோம் என்று தெரியவில்லை.

"போயி அங்கேயே இருக்கப் போறேன்" என்றாள். "வந்தா விருந்தாளியாத்தான் வருவேன்."

தான் சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். காலைநேரத்தில், ஒரு வாடிக்கைக்காரி முன்னால், யாரும் செத்துப்போகாமல், அது சாதாரணமாகத்தான் இருந்தது.

"விருந்தாளியா?" என்றாள் மூத்தவள், நர்ஸம்மாவைப் பார்த்து. "வரட்டும், வரட்டும். விருந்தாளின்னா சும்மா உக்கார விட்டுடுவேனா? இந்தப் போர்வைக்குப் பட்டன் காஜா எதுவும் இல்லயேன்னு பாக்குறேன். இருந்தா அவளுக்குன்னே எடுத்து வச்சிருக்கலாம்." மூட்டையிலிருந்து அடுத்த சட்டையை எடுத்து மேசைமேல் போட்டு, அதைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, வெட்ட ஆரம்பித்தாள்.